மனக்கணக்கை விட்டுவிடலாமா? மூத்த வணிகர்களுக்குச் சில கணக்குப் புதிர்கள்

நம் கடைகளில் கணக்குப் போடும் வேலை இன்று இயந்திரத்தின் கைக்குப் போய்விட்டது. மின்னணுத் தராசு எடையோடு விலையையும் சேர்த்தே காட்டிவிடுகிறது. பில் இயந்திரம் கூட்டிக் கொடுக்கிறது, வரியையும் தனியே பிரித்துக் காட்டுகிறது. செல்பேசி வழியாகப் பணம் வந்துவிடுவதால் மீதிச் சில்லறை எண்ணும் வேலையும் பெருமளவு குறைந்துவிட்டது. வேலை சுலபமாயிற்று, தவறு குறைந்தது, வியாபாரம் வேகமாக நடக்கிறது. இதில் யாருக்கும் வருத்தம் இருக்க முடியாது.

ஆனால் ஒரு விஷயத்தை நாம் கவனிக்கத் தவறிவிட்டோம். இருபது சாமான்கள் கொண்ட சிட்டையை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தே கூட்டுத்தொகையைச் சொன்ன பெரியவர்கள் நம் எல்லோர் கடையிலும் இருந்தார்கள்; இன்றும் இருக்கிறார்கள். மகன் பொறுப்பேற்று, இயந்திரம் வந்த பிறகு அவர்கள் கல்லாவை விட்டு எழுந்து ஓரமாக நாற்காலி போட்டு அமர்ந்துவிட்டார்கள். "அப்பா, நீங்கள் சும்மா இருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று மகன் அன்போடுதான் சொல்கிறார். ஐம்பது ஆண்டுகள் நாள் முழுவதும் கணக்குப் போட்ட மூளைக்குத் திடீரென்று வேலை இல்லாமல் போய்விடுகிறது. இது நல்லதா?

வயதானால் என்ன நடக்கிறது?

வயது ஏற ஏற மூளையின் வேகம் குறைவது இயற்கை. பெயர் நினைவுக்கு வரத் தாமதமாகும். ஒரே நேரத்தில் இரண்டு வேலைகளைக் கவனிப்பது சிரமமாகும். ஆனால் எல்லாத் திறமையும் ஒன்றுபோலக் குறைந்துவிடுவதில்லை. சொல்வளம், உலக அறிவு, தொழில் அனுபவத்தால் வந்த தீர்மானம் ஆகியவை நெடுங்காலம் நிலைத்து நிற்கின்றன. சரக்கைக் கையில் எடுத்துப் பார்த்தே பழைய மிளகாயா, புதிய மிளகாயா என்று சொல்லும் திறமை எழுபத்தைந்து வயதிலும் போவதில்லை. வேகம் குறைந்ததை வைத்து அறிவே குறைந்துவிட்டது என்று வீட்டார் முடிவு கட்டுவது தவறு.

புதிர் போட்டால் மூளை வளருமா?

"தினமும் புதிர் போடுங்கள், மறதி நோயே வராது" என்று பலர் சொல்கிறார்கள். சரக்கை எடை போட்டு வாங்கும் நாம் இந்தப் பேச்சையும் எடை போட்டுத்தான் வாங்க வேண்டும்.

அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்ட 2,832 பேரை வைத்து 'ஆக்டிவ்' என்ற பெயரில் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. ஒரு குழுவுக்கு நினைவாற்றல் பயிற்சி, இன்னொன்றுக்குக் காரண காரிய அறிவுப் பயிற்சி, மூன்றாவதற்குப் பார்த்ததை விரைவாகக் கிரகிக்கும் பயிற்சி. நான்காவது குழுவுக்குப் பயிற்சி எதுவும் இல்லை. தொடக்கப் பயிற்சி 10 அமர்வுகள்தான். 2002இல் முதல் முடிவுகள் வந்தன. ஒவ்வொரு குழுவும் தான் பழகிய திறமையில் மட்டும் முன்னேறியிருந்தது. ஒன்றில் பழகியதால் மற்றதும் தானாக வளர்ந்துவிடவில்லை. பத்து ஆண்டுகள் கழித்து 2014இல் வந்த முடிவின்படி, காரண காரிய அறிவிலும் வேகத்திலும் கிடைத்த பலன் நீடித்திருந்தது. நினைவாற்றலில் கிடைத்த பலன் நீடிக்கவில்லை. ஆனாலும் பயிற்சி பெற்ற மூன்று குழுவினரும், அன்றாட வேலைகளைச் செய்வதில் தங்களுக்குச் சிரமம் குறைவு என்றே சொன்னார்கள்.

இதன் பொருள் எளிது. எதைப் பழகுகிறோமோ அது நிற்கும். கணக்குப் பழகினால் கணக்கு நிற்கும். கணக்குப் பழகினால் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்பதும் நினைவுக்கு வந்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

அளவுக்கு மீறி ஆசை காட்டியவர்கள் மாட்டிக்கொண்டதும் உண்டு. கணினியில் மூளைப் பயிற்சி விளையாட்டு விற்ற 'லூமோசிட்டி' நிறுவனம், வயோதிக மறதியைத் தடுக்கும் என்ற பொருள்பட விளம்பரம் செய்தது. அதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்க அரசின் வணிக ஆணையம் நடவடிக்கை எடுக்க, 2016இல் 20 லட்சம் டாலர் கட்ட அந்நிறுவனம் சம்மதித்தது.

புதிர் போடும் பழக்கமுள்ள முதியவர்கள் மற்றவர்களைவிடக் கூர்மையாக இருப்பதாகவும் சில ஆய்வுகள் கண்டன. ஆனால் புதிர் போட்டதால் கூர்மை வந்ததா, கூர்மை உள்ளவர்கள்தான் புதிரை விரும்புகிறார்களா என்பது அதிலிருந்து தெளிவாகாது.

ஆகவே புதிரை மருந்தாக நினைக்க வேண்டாம். அது காலாற நடப்பது போன்ற ஒரு நல்ல பழக்கம். உற்சாகம் தரும், பேச ஆள் சேர்க்கும், பழகிய திறமையைத் துருப்பிடிக்காமல் காக்கும். செலவும் இல்லை.

நம் முன்னோர் கணக்கு

கணக்கை விளையாட்டாகக் கற்பது நமக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எண்சுவடியை உரக்கச் சொல்லியே மனப்பாடம் செய்தார்கள். முழு எண் வாய்பாடு மட்டுமல்ல, கீழ்வாய்ச் சிற்றிலக்கம் என்னும் பின்ன வாய்பாடும் அதில் உண்டு. முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு. நான்கு முந்திரி ஒரு காணி. நான்கு காணி ஒரு மா, அதாவது 20இல் ஒரு பங்கு. வீசம் என்கிற மாகாணி 16இல் ஒரு பங்கு. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்த காலத்தில் ரூபாயில் வீசம் என்றால் ஓர் அணா என்று சிறுபிள்ளையும் சொல்லும்.

காரி நாயனார் செய்த 'கணக்கதிகாரம்' என்ற பழந்தமிழ் நூல் பொன், நெல், நிலம் இவற்றின் கணக்குகளைச் செய்யுளாகவே சொல்கிறது. பலாப்பழத்தை அறுக்காமலே சுளை எத்தனை என்று சொல்ல அதில் ஒரு வழி இருக்கிறது. காம்பைச் சுற்றியுள்ள சிறு முட்களை எண்ணி, அதை ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்க வேண்டும். முள் 100 என்றால் சுளை 120. அடுத்த முறை பலாப்பழம் வாங்கும்போது பேரப்பிள்ளைகளோடு எண்ணிப் பாருங்கள். கணக்கு ஒத்துவந்தாலும் வராவிட்டாலும் சுளை நமக்குத்தான்!

கணித மேதை ராமானுஜன் வளர்ந்த கும்பகோணம் வீடும் கடைக் கணக்கோடு தொடர்புடையதே. அவருடைய தந்தை ஜவுளிக் கடை ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தவர்.

இதோ எட்டுப் புதிர்கள்

தாள், பென்சில் வைத்துக்கொள்ளலாம், கால்குலேட்டர் வேண்டாம். விடைகள் கடைசியில் உள்ளன. முயலாமல் விடையைப் பார்ப்பது, சரக்கைப் பார்க்காமல் பணம் கொடுப்பது போன்றது.

1. பழைய எடை: 1957 ஏப்ரலில் நயா பைசா வருவதற்கு முந்தைய கணக்கு இது. ஒரு வீசைக்கு 40 பலம், ஒரு மணங்குக்கு 8 வீசை, ஒரு ரூபாய்க்கு 16 அணா. புளி வீசை ஒன்றேகால் ரூபாய் என்றால் 10 பலம் என்ன விலை? ஒரு மணங்கு என்ன விலை?

2. உடைந்த எடைக்கல்: ஒரு வியாபாரியிடம் இருந்த 40 கிலோ எடைக்கல் கீழே விழுந்து நான்கு துண்டாயிற்று. அவர் வருந்தவில்லை. அந்த நான்கு துண்டுகளைக் கொண்டே 1 முதல் 40 வரை எந்த முழுக் கிலோவையும் தராசில் நிறுத்துக் கொடுத்தார். துண்டுகளின் எடை என்ன? கல்லை இரண்டு தட்டிலும் வைக்கலாம். (இது மிகப் பழைய புதிர். பிரான்சு நாட்டுப் பாஷே 1612இல் வெளியிட்ட புதிர் நூலிலும் இருக்கிறது.)

3. ஏற்றமும் இறக்கமும்: 100 ரூபாய்ச் சரக்கின் விலையை 10 சதவீதம் ஏற்றினீர்கள். விற்கவில்லை என்று ஏற்றிய விலையில் 10 சதவீதம் குறைத்தீர்கள். இப்போது விலை என்ன? கூடவே இன்னொன்று: கொள்முதல் விலைமேல் 25 சதவீதம் லாபம் வைத்து விற்றால், விற்ற பணத்தில் லாபம் எத்தனை சதவீதம்?

4. கள்ள நோட்டு: ஒருவர் 200 ரூபாய்க்குச் சரக்கு வாங்கி 500 ரூபாய் நோட்டு நீட்டினார். கல்லாவில் சில்லறை இல்லை. பக்கத்துக் கடையில் நோட்டை மாற்றி வந்து 300 ரூபாய் மீதி கொடுத்தீர்கள். அவர் போன பிறகு பக்கத்துக் கடைக்காரர் வந்து, நோட்டு கள்ள நோட்டு என்று காட்ட, அவருக்கு நல்ல 500 ரூபாய் கொடுத்துவிட்டீர்கள். சரக்கின் கொள்முதல் விலை 160 ரூபாய். கையைவிட்டுப் போனது எவ்வளவு?

5. எடை குறைந்த பொட்டலம்: ஒரே மாதிரி ஒன்பது பொட்டலங்கள். ஒன்றில் மட்டும் எடை குறைவு. எடைக்கல் இல்லாத தட்டுத் தராசில் இரண்டே முறை நிறுத்து அதைக் கண்டுபிடிக்க வேண்டும். எப்படி?

6. மாம்பழக் கூடை: ஒரு பாட்டி கூடையில் மாம்பழம் கொண்டுபோனார். முதல் வீட்டில், இருந்த பழத்தில் பாதியும் மேற்கொண்டு அரைப் பழமும் விற்றார். மீதியில் பாதியும் அரைப் பழமும் இரண்டாம் வீட்டில் விற்றார். மூன்றாம் வீட்டிலும் அப்படியே. கடைசியில் ஒரு பழம் மிஞ்சியது. எந்தப் பழத்தையும் அவர் வெட்டவில்லை. முதலில் இருந்த பழம் எத்தனை?

7. குபேரக் கோலம்: நம்மில் பலர் கடையில் மாட்டியிருக்கும் குபேரக் கோலத்தின் எண்கள் இவை.

27 – 20 – 25
22 – 24 – 26
23 – 28 – 21

குறுக்காக, நெடுக்காக, மூலைக்கு மூலை எப்படிக் கூட்டினாலும் 72 வரும். இதே போல எப்படிக் கூட்டினாலும் 90 வரும் கட்டத்தை அமைக்க முடியுமா?

8. கப்ரேகர் எண்: மராட்டிய மாநிலம் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகர் கண்டுபிடித்த விந்தை இது. ஏதேனும் ஒரு நான்கு இலக்க எண்ணை எடுங்கள்; நான்கு இலக்கமும் ஒன்றாக மட்டும் இருக்கக் கூடாது. இலக்கங்களை இறங்கு வரிசையில் எழுதி, ஏறு வரிசையில் எழுதியதை அதிலிருந்து கழியுங்கள். வந்த விடையையும் அப்படியே செய்யுங்கள். ஏழு முறைக்குள் 6174 வந்தே தீரும். உதாரணம் 3524: 5432இல் 2345 போக 3087, 8730இல் 0378 போக 8352, 8532இல் 2358 போக 6174. பில் எண் 4731ஐ வைத்து எத்தனை முறையில் வருகிறது என்று பாருங்கள். தினம் ஒரு பில் எண்ணை எடுத்தால் இந்தக் கணக்குத் தீரவே தீராது.

கடைக்கே பயன்படும் இரண்டு வித்தைகள்

இயந்திரம் இல்லாத நாளில் கூட்டலைச் சரிபார்க்க 'ஒன்பது கழித்தல்' என்ற முறை இருந்தது. 347, 586, 219 மூன்றும் சேர்ந்து 1152. ஒவ்வொன்றின் இலக்கங்களையும் ஓரிலக்கம் வரும் வரை கூட்டுங்கள். 347க்கு 5, 586க்கு 1, 219க்கு 3. மூன்றும் சேர்ந்து 9. விடையான 1152க்கும் 9. ஒத்துவந்தது. ஒத்துவராவிட்டால் கூட்டலில் நிச்சயம் பிழை உண்டு. ஆனால் ஒத்துவந்ததாலேயே சரி என்றும் சொல்லிவிட முடியாது. 586ஐ 568 என்று இலக்கம் மாற்றி எழுதியிருந்தால் இந்தச் சோதனையில் அது அகப்படாது.

அங்கேதான் இரண்டாவது வித்தை உதவும். இரவில் பேரேட்டுக்கும் கல்லாவுக்கும் வித்தியாசம் வந்தால், அந்த வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபடுகிறதா என்று பாருங்கள். வகுபட்டால் எங்கோ அடுத்தடுத்த இலக்கங்கள் இடம் மாறியிருக்கக் கூடும். 540ஐ 450 என்று எழுதினால் வித்தியாசம் 90. 72ஐ 27 என்று எழுதினால் 45. இந்த வேலையைக் கடையில் யாரிடம் கொடுக்கலாம்? ஓரமாக நாற்காலியில் இருக்கும் பெரியவரிடம்தான்!

பழகுவது எப்படி?

காலையோ மாலையோ பதினைந்து நிமிடம் போதும். ஒரே வகைப் புதிரைத் திரும்பத் திரும்பப் போட்டால் கை தானாகவே போடும், மூளை தூங்கிவிடும். ஆகவே வகையை மாற்றுங்கள். கொஞ்சம் சிரமப்பட்டு விடை வரும் அளவில் இருக்க வேண்டும். மிகக் கடினமானால் வெறுப்பு வரும், மிகச் சுலபமானால் பயனில்லை.

தனியாகப் போடுவதைவிடச் சேர்ந்து போடுவது நல்லது. நண்பர்கள் நால்வர், பேரப்பிள்ளைகள், கடைப் பையன்கள் யாராக இருந்தாலும் சரி. பல்லாங்குழியும் கணக்குத்தான், எந்தக் குழியில் எடுத்தால் எங்கே முடியும் என்று முன்கூட்டியே எண்ணுவது நல்ல பயிற்சி. செல்பேசியில் ஆட விரும்பினால் ஆடலாம், ஆனால் அதற்காகப் பணம் கட்ட வேண்டிய அவசியம் இல்லை.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். பெரியவர் தவறாகச் சொன்னால் சிரிக்காதீர்கள். "இதுகூடத் தெரியவில்லையா?" என்ற ஒரு வார்த்தை போதும், அவர் மறுநாள் பென்சிலைத் தொடமாட்டார். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர்களிடம் எழுத்துக் கணக்கைத் திணிக்காமல் வாய்க்கணக்காகவே கேளுங்கள்.

புதிரைவிட முக்கியமானவை

2024இல் 'லான்செட்' மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு, மறதி நோய்க்கு வழிவகுக்கும் 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவற்றைச் சரிசெய்தால் உலகில் பாதிக்குச் சற்றுக் குறைவான மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்பது அக்குழுவின் கணிப்பு. இரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, உடல் பருமன், புகை, மது, உடலுழைப்பு இன்மை, காது மந்தம், பார்வைக் குறைவு, மனச்சோர்வு, தனிமை முதலியவை அதில் அடங்கும். பதினான்கு மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து வியாபாரம் செய்யும் நமக்கு இதில் பல பொருந்தும். காது சரியாகக் கேட்காதவருக்குப் புதிர்ப் புத்தகம் வாங்கித் தருவதைவிட, காதுக் கருவி வாங்கித் தருவதே முதல் வேலை.

இன்னொன்றையும் நாம் அறிந்திருக்க வேண்டும். மறதி நோயின் தொடக்கம் பல சமயம் பணக் கணக்கில்தான் முதலில் தெரியும். மீதிச் சில்லறையைத் தொடர்ந்து தவறாகக் கொடுப்பது, கொடுத்த பாக்கியையே மறுபடி கொடுப்பது, ஒரே சரக்குக்கு இரண்டு முறை ஆர்டர் போடுவது, முன்பு சரளமாகப் போட்ட கணக்கில் தடுமாறுவது, அறிமுகமில்லாதவர் பேச்சை நம்பிக் காசோலையிலோ பத்திரத்திலோ கையெழுத்துப் போடுவது இவையெல்லாம் அடிக்கடி நடந்தால் "வயசாயிற்று" என்று விட்டுவிடாதீர்கள். ஒருநாள் தவறினால் அது அசதி. மாதக்கணக்கில் தொடர்ந்தால் மருத்துவரிடம் போக வேண்டும். பி12 வைட்டமின் குறைவு, தைராய்டுக் கோளாறு, மனச்சோர்வு, சில மருந்துகளின் பக்கவிளைவு ஆகியவையும் இப்படிக் காட்டும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. தடுமாற்றம் திடீரென்று வந்தால், பேச்சுக் குழறினால், வாய் கோணினால், ஒரு பக்கக் கை கால் தளர்ந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

சந்தேகம் வந்தவுடன் பெரியவரைக் கல்லாவிலிருந்து விரட்டிவிட வேண்டும் என்பதில்லை. பெரிய தொகைக் காசோலைக்கு மகனும் சேர்ந்து கையெழுத்திடும்படி வங்கியில் ஏற்பாடு செய்யலாம். பாக்கிக் கணக்கை வாரம் ஒருமுறை இருவரும் சேர்ந்து பார்க்கலாம். பணமும் பத்திரமாக இருக்கும், அவருடைய மரியாதையும் குறையாது. கடையை உருவாக்கியவர் அவர் என்பதை மறந்துவிடக் கூடாது.

வணிகப் பெருமக்களே! இயந்திரம் இருக்கட்டும், அது நம் வேலைக்காரன். ஆனால் தினமும் ஒரு சிட்டையையாவது மனத்தால் கூட்டிய பிறகு பில்லைப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் அந்த மகிழ்ச்சியை எந்த இயந்திரமும் தர முடியாது.

விடைகள்

1. வீசை 20 அணா. 10 பலம் என்பது கால் வீசை, ஆகவே 5 அணா. மணங்கு 8 வீசை, ஆகவே 10 ரூபாய்.

2. 1, 3, 9, 27 கிலோ. 5 கிலோ வேண்டுமானால் ஒரு தட்டில் 9. சரக்குத் தட்டில் 3ம் 1ம். 20 கிலோவுக்கு ஒரு தட்டில் 27ம் 3ம்; சரக்குத் தட்டில் 9ம் 1ம்.

3. 110 ஆகி, அதில் 11 குறைந்து 99 ரூபாய். இரண்டாவது: 100க்கு வாங்கி 125க்கு விற்றால் லாபம் 25. அது 125இல் ஐந்தில் ஒரு பங்கு; ஆகவே 20 சதவீதம்.

4. 460 ரூபாய். பக்கத்துக் கடையில் வாங்கியதும் கொடுத்ததும் சரிக்குச் சரி. போனது 300 ரூபாய் ரொக்கமும் 160 ரூபாய்ச் சரக்கும்.

5. மூன்று மூன்றாகப் பிரியுங்கள். இரண்டு பிரிவைத் தட்டுகளில் வையுங்கள். மேலே எழும் தட்டில் குறைந்த பொட்டலம் இருக்கிறது. சமமாக நின்றால் வெளியே உள்ள பிரிவில் இருக்கிறது. அந்த மூன்றில் இரண்டை நிறுத்தால் விடை கிடைத்துவிடும்.

6. 15 பழம். கடைசியிலிருந்து பின்னோக்கிப் போங்கள்: 1, 3, 7, 15. மூன்று வீட்டிலும் விற்றது முறையே 8, 4, 2.

7. குபேரக் கோலத்தின் ஒவ்வோர் எண்ணோடும் 6 கூட்டினால் போதும். 33 – 26 – 31. 28 – 30 – 32. 29 – 34 – 27.

8. ஏழு முறை. 6084, 8172, 7443, 3996, 6264, 4176, 6174.